கீழ்வீட்டு நெய்

ஆகஸ்ட் 18, திங்கள்

அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பயணக் குறிப்பில் இன்று எழுதியது: "காங்கேயம் பேருந்து நிலையப் பகுதித் தேநீர்க் கடைகளில் பால் ஆய்வு. மூன்று கடைகளுக்கு எச்சரிக்கை."

அதில் எழுதாமல் விட்டது: மூன்றாவது கடைக்காரர் பாலில் தண்ணீர் வந்ததற்கு மழையைக் காரணம் சொன்னார். இந்த ஊரில் மழை பெய்து எத்தனையோ நாளாகிறது.

"எந்த மழைங்க?" என்றேன்.

"மாடு நனஞ்சுருச்சுங் மேடம்" என்றார், முகம் கோணாமல்.

டிரைவர் சாதிக் ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் சிரிக்கவில்லை. உணவு பாதுகாப்பு அலுவலர் கடைக்காரர் முன்னால் சிரித்துவிட்டால் அப்புறம் அந்தக் கடையில் எதையும் பிடிக்க முடியாது. தென்காசியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த இந்த ஒன்றரை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இது.

இரவுச் சாப்பாடு வழக்கம்போல் கீழ்வீட்டில். நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் மயிலாத்தா அக்காவும் அவர் கணவர் நாச்சிமுத்து அண்ணனும். அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அக்காவுக்கு நெய் வியாபாரம். வெண்ணெய் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் விறகடுப்பு வைத்து, முருங்கை இலை போட்டு உருக்கி, வீட்டு முன்னறையிலேயே விற்கிறார். பெயர் 'மயில் நெய்'. பதிவுச் சான்று வாங்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

ராகி தோசை. மேலே ஒரு கரண்டி நெய், மணல் மணலாக. இன்னொரு தோசை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அம்மா போன் செய்தாள். "ஏட்டி உலகு, போன தடவ கொண்டாந்த நெய்யி தீந்துட்டு. வரும்போது ரெண்டு பாட்டில் சேத்து வாங்கிட்டு வாட்டி. எதுத்த வீட்டுக்காரியும் கேக்கா."

திருப்பூரில் எங்கள் மாவட்ட அதிகாரியின் மனைவியும் கேட்டாராம். அவருக்கும் நான்தான் அறிமுகம் செய்தேன். அரசு ஊழியர் வியாபாரம் செய்யக் கூடாது. நான் செய்யவில்லை. நல்லதை நாலு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் எடை பார்த்தேன். கூடக் காட்டியது. இயந்திரம் பழுது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாவட்ட அலுவலக வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்த ஒரு புகாரை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். குரல் பதிவு.

"மயில் நெய்க்கு வர்ற வெண்ணெ சரியில்லீங்க. பாத்து ஏதாச்சும் பண்ணுங்க. எம்பேரு வெளிய வரக்கூடாதுங்க."

ஓர் ஆணின் குரல். பின்னணியில் ஒரு மோட்டார் ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது.

புகார் கொடுத்தவர் யாரென்று தேடக்கூடாது என்பது விதி. நான் தேடவில்லை. காதில் விழுந்ததற்கு நான் பொறுப்பல்ல. இங்கேயும் பெயர் எழுத மாட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் நாச்சிமுத்து அண்ணன் நெய் வேண்டாம் என்று கையை வைத்துத் தட்டை மறைத்தார்.

"டாக்டரு கொறைக்கச் சொல்லிட்டாருங்க."

"எந்த டாக்டரு?" என்றார் அக்கா.

"பொதுவா எல்லா டாக்டரும்."

செப்டம்பர் 1, திங்கள்

விடிகாலையில் கரூர் சாலையில் பால் வண்டிகளை நிறுத்திச் சோதனை. புகாரைக் கவனிக்க நேரமில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஐஸ்கிரீம் கடைகள். புகாரைக் கவனிக்க இன்றும் நேரமில்லை. "இத நாம கோடையிலயே பண்ணிட்டமே மேடம்" என்றார் சாதிக். ஐஸ்கிரீம் எல்லாப் பருவத்திலும்தான் விற்கிறது என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

முறைப்படி மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு முதற்கட்டச் சோதனை செய்வது தவறில்லை. இரவுச் சாப்பாட்டுக் கிண்ணத்தில் மிஞ்சிய நெய்யை மாடிக்குக் கொண்டுவந்து, குளியலறையில் வைத்துப் பார்த்தேன். அமிலமும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், வனஸ்பதி கலந்திருக்கும் நெய்யில் அடியில் சிவப்பு இறங்கும்.

அடியில் ஒரு நிறம் இறங்கியது. ஆனால் குளியலறை விளக்கு மஞ்சள் விளக்கு. மஞ்சள் வெளிச்சத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

நல்ல வெயில். சோதனைக் குழாயை நேற்றே கழுவிவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 10, புதன்

கீழே சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். அக்கா மோர் கரைத்து மாடிக்கே கொண்டுவந்து கொடுத்து, நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது உண்மையிலேயே வயிறு சரியில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

தீபாவளிக்கு முந்தைய சிறப்பு ஆய்வு தொடங்கிவிட்டது. பேருந்து நிலையத்து மிட்டாய்க்கடையில் மாதிரி எடுத்தபோது கடைக்காரர் சத்தமாகவே சொன்னார்: "ஊர்ல எல்லாக் கடையிலயும் எடுக்கறீங்க. நீங்க திங்கற நெய்யில மட்டும் எடுக்க மாட்டீங்களாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மாதிரிப் பாட்டிலுக்கு மூடியைத் தலைகீழாக வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

மாலையில் வீடு திரும்பினால் அக்கா மாடிப்படியின் கீழே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். பேச்சு அவர் காதுக்கு என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஏன் அம்மிணி, எங்கட நெய்யில ஏன் சேம்பிள் எடுக்கல?"

"பட்டியல்ல இன்னும் வரலக்கா."

"எப்ப வரும்?"

"வரும்."

"மயிலாத்தா நெய்ய ஊத்தி மேடம் வாய அடச்சுப்போட்டான்னு அந்த மிட்டாய்க்கடைக்காரன் சொல்றானாமா. எனக்கு இது தேவையா? நாளைக்கே வந்து எடு. நாலு சனம் பாக்கற மாதிரி எடு."

"எடுக்கட்டும் மயிலு" என்றார் நாச்சிமுத்து அண்ணன், உள்ளேயிருந்து. அவர் எதற்கும் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"சார், மயில் நெய் மேல ஒரு புகார் இருக்கு. நான் அந்த வீட்டு மாடியிலதான் குடியிருக்கேன். மாதிரி எடுக்க வேற ஆள் வந்தா நல்லது சார்."

எதிர்முனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"அது எங்க வீட்டுக்கு வர்ற நெய்தானேம்மா?"

"ஆமா சார்."

"நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா சார்."

"புகார் என்னிக்கு வந்துச்சு?"

"ஆகஸ்ட் இருபத்தொம்பது சார்."

"இன்னிக்கு என்ன தேதி?"

தேதியைச் சொன்னேன். சொல்லி முடிக்க இவ்வளவு நேரம் பிடிக்கும் தேதி என்று இதுவரை எனக்குத் தெரியாது.

"தாராபுரம் அலுவலரக் கூட்டிக்கிட்டு நானே வரேன். நீங்க நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

செப்டம்பர் 18, வியாழன்

அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தார். வாசலில் பெரிய கோலம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துத் தெருவே கூடிவிட்டது. மிட்டாய்க்கடைக்காரரும் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அக்கா அதிகாரிக்குக் காப்பி கொடுத்தார். அவர் மறுத்ததும் அக்காவின் முகம் வாடியது. "ஆய்வு முடியற வரைக்கும் குடிக்கக் கூடாதுங்கம்மா, விதி" என்றார் அதிகாரி. "அப்ப முடிச்சுட்டுக் குடிங்க, ஆறாமப் பாத்துக்கறேன்" என்று அக்கா டம்ளரை டபராவில் கவிழ்த்து மூடி வைத்தார்.

தாராபுரம் அலுவலர் நெய்யை நாலு பாகமாக்கி முத்திரை வைத்தார். அக்கா குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். "இந்த மூலையில அரக்கு சரியா ஒட்டலீங்க, இன்னொரு சொட்டு உடுங்க." அவர் விட்டார். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்து அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டார். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ கடைகளில் மாதிரி எடுத்திருக்கிறேன். இப்படிச் சந்தோஷமாகக் கொடுத்தவர் யாருமில்லை.

எனக்குத் தலைவலி. கூட்டத்தின் புழுக்கம்.

செப்டம்பர் 27, சனி

ஆய்வகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா தினமும் கேட்கிறார், பரீட்சை எழுதிய பிள்ளையைப்போல. "பாசுன்னு வந்ததும் அந்தக் காயிதத்தக் கண்ணாடி போட்டு மாட்டோணும்." எங்கே மாட்டுவது என்று ஆணிகூட அடித்துவிட்டார். ஆணியைப் பிடித்துக்கொடுத்தது நாச்சிமுத்து அண்ணன். பாவம், விரலில் அடி வாங்கினார்.

அக்டோபர் 3, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. தரம் குறைந்தது. வனஸ்பதி கலப்பு.

மாலை முழுக்க அலமாரியிலிருந்த கோப்புகளை ஒழுங்குபடுத்தினேன். "மேடம், வீட்டுக்குக் கெளம்பலாங்களா?" என்று சாதிக் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில், "நான் வேணா கூட வந்து நிக்கட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 4, சனி

காலையில் கொடுத்தேன். அக்கா அறிக்கையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார்.

"வேற ஆரு பாட்டலோ மாறியிருக்கும்."

"நீங்களே பாத்துத்தானக்கா முத்திரை வச்சாங்க."

அக்கா திகைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். "நான் எதையும் கலக்கல கண்ணு. எம்பட கையால வெண்ணெயப் போட்டு உருக்கறேன், வடிக்கறேன். அதுல எங்கிருந்து…" என்று நிறுத்தினார். அவர் கண் முன்னறையில் அடுக்கியிருந்த வெண்ணெய் டப்பாக்களுக்குப் போனது. அவை அத்தனையும் அவர் தம்பி குழந்தைவேல் அனுப்புபவை. சென்னிமலை சாலையில் அவருக்கு வெண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. இவர்களுடைய அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தது இந்த அக்காதான்.

"கொழந்தை அப்படிப் பண்ண மாட்டான்."

அப்போது நாச்சிமுத்து அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நாந்தான் மயிலு போன்ல பேசி அனுப்புனேன்."

"யாருக்கு?"

"கெவர்மெண்டுக்கு. அவன் கெடங்குல மோட்டார் ரிப்பேருக்குப் போனப்போ டால்டா டின்னப் பாத்தேன். அடுக்கி வெச்சிருந்தான்."

இனி நான் பெயரை எழுதலாம். புகார் கொடுத்தவர் நாச்சிமுத்து அண்ணன்.

அக்காவுக்குத் தம்பி மேல் வர வேண்டிய கோபம் முதலில் கணவர் மேல்தான் வந்தது. "கட்டிக்கிட்ட நாள்லேருந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வர்ல. கெவர்மெண்டுக்குச் சொல்ல மட்டும் வந்துச்சாக்கும்?"

"உங்கிட்டச் சொன்னா, எந்தம்பியக் கொற சொல்றீங்களான்னு ரெண்டு நாளைக்குச் சோறு போட மாட்ட. கெவர்மெண்டு அப்படியெல்லாம் பண்ணாது."

நான் சுவரில் இருந்த வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமா கண்ணு? முன்னாடியே?"

"புகார் வந்தது தெரியும்க்கா."

"எப்பருந்து?"

சொன்னேன். அன்றிலிருந்து நான் எத்தனை வேளை அங்கே சாப்பிட்டேன் என்று அவர் மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "சரி, போயி வேலையப் பாரு" என்றார்.

மாலைக் காப்பி மாடிக்கு வரவில்லை. நானே போட்டுக்கொண்டேன். பரவாயில்லை. பால் தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

குழந்தைவேல் வந்தார். தீபாவளிக்கு அக்காவுக்குப் புடவை, மாமாவுக்கு வேட்டி. நான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. மொட்டைமாடியில் பொடக்காணிப் பக்கம் துணி காயப்போட்டேன். துணி நிறைய இருந்தது.

"எல்லாரும் பண்றதுதானக்கா. சுத்தமான வெண்ணெயின்னா நீ கேக்கற வெலைக்கு ஆரு தருவா? உன்ற யாவாரம் நிக்கோணும்னுதான் பண்ணுனேன்."

"எனக்காகவா பண்ணுன?"

"சந்தையில பேரு தெரியாத ஆளுகிட்ட வாங்குனேன்னு எழுதிக் குடு. தண்டம் எவ்வளவு போட்டாலும் நாங் கட்டறேன். உம்பேர்ல ஒரு ஊசி கூட குத்தாமப் பாத்துக்கறேன்."

"எம்பேர்ல குத்தாட்டி, அந்த நெய்ய வாங்கித் தின்ன சனத்துக்கு?"

அப்புறம் அக்காவின் குரல்: "சாப்டுட்டுப் போ." தட்டு வைக்கும் சத்தம். திட்டிவிட்டுச் சோறு போடுகிறார். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஈரத்துணியை நான் ஒரே கொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அக்டோபர் 8, புதன்

அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்து சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி, மனுக் கொடுப்பவர்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே வந்தார்.

"வணக்கங்க மேடம். ஒரு வாக்குமூலம் குடுக்கோணும்."

அவர் வாயிலிருந்து 'மேடம்' என்று வந்ததும் எனக்கு இருமல் வந்தது. தூசி. அலுவலகத்தைப் பெருக்கச் சொல்ல வேண்டும்.

வெண்ணெய் யாரிடம் வாங்கினார், எப்போதிலிருந்து, எப்படி வந்தது, எல்லாம் சொன்னார். நான் எழுதக் கூடாது என்பதால் வரவழைத்த தாராபுரம் அலுவலர் எழுதினார். தம்பி பெயர் வந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு முழுப் பெயரையும் சொன்னார், தகப்பனார் பெயரோடு. அது அவருக்கும் தகப்பனார். கையெழுத்துப் போட்டார்.

அன்றே மாவட்ட அதிகாரியோடு கிடங்குக்குப் போனோம். வனஸ்பதி டின்கள், பாமாயில், நெய் வாசனை எசன்ஸ். வெண்ணெய் என்று சொல்லும்படி ஒரு மூலையில் கொஞ்சம் வெண்ணெயும் இருந்தது. அதிகாரி கதவுக்குச் சீல் வைத்தார். குழந்தைவேல் கத்துவார் என்று காவலர் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். அவர் கத்தவில்லை. காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எங்கக்கா கையெழுத்துப் போடறப்போ கை நடுங்குச்சுங்களா மேடம்?"

யார் வாக்குமூலம் கொடுத்தார் என்று நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

நடுங்கியது.

அக்டோபர் 9, வியாழன்

அதிகாரி சொல்லிவிட்டார்: வழக்கு முடியும் வரை அந்த வீட்டில் நான் குடியிருக்கக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும். எப்படிச் சொல்வது என்று படியில் தயங்கி நின்றேன். அக்காவே முந்திக்கொண்டார்.

"நீ இங்க இருந்தா கேசு நிக்காதாமா. எங்கூட்டுக்காரரு சொன்னாரு. இப்பெல்லாம் அவருக்கு வாய் நல்லா வருது. பின்வீதியில ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். தண்ணி நல்லா வரும். சமயக்கட்டுதான் சிறுசு. நீ என்ன பெருசா சமைக்கப் போற?"

"உங்களுக்கு என் மேல கோபம் இல்லையாக்கா?"

"இருக்குது. ஆறட்டும்."

அக்டோபர் 14, செவ்வாய்

புது வீடு. தண்ணீர் நன்றாக வருகிறது.

மயில் நெய் முன்னறை பூட்டிக் கிடக்கிறது. பழைய பாட்டில் வைத்திருப்பவர்களிடமெல்லாம் அக்கா வீடு வீடாகப் போய், "இதச் சாப்பிடாதீங்க, சரியில்ல" என்று திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறாராம். இப்படி ஒரு நடவடிக்கையை எங்கள் துறை உத்தரவு போட்டாலும் யாரும் செய்ய மாட்டார்கள். அதிகாரியின் மனைவியும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கலப்படமாட்டி அது? சும்மா இரி. நல்லாத்தான் இருந்துச்சு" என்று கீழே வைத்துவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு பாக்கெட் மிக்சர்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது: மாலையில் நாச்சிமுத்து அண்ணன் சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடியே ஒரு தூக்குப்போசியைக் கொடுத்தார். உள்ளே வரமாட்டேன் என்றார், கேசு இருக்கிறதாம். கச்சாயம், இந்த ஊர்த் தீபாவளி வெல்லப் பலகாரம். "கடலெண்ணெயில சுட்டது. நெய்யி இல்லீங்க" என்றார். வழக்குத் தரப்பினரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது. அதனால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கச்சாயம் சூடாகத்தான் இருந்திருக்கும். போசி சுட்டது.

டிசம்பர் 11, வியாழன்

அக்கா மறுபடி அடுப்பு மூட்டிவிட்டார் என்று சாதிக் சொன்னார். பக்கத்து ஊர்ப் பெண்களிடமிருந்து நேராகத் தயிர் வாங்கி, வீட்டிலேயே கடைகிறாராம். கடைவதற்கு அண்ணன் ஒரு பழைய மோட்டாரை மாட்டிக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் மோர் கூரை வரை தெறித்ததாம். பழைய வாடிக்கையில் பாதிகூடத் திரும்பவில்லை. தாராபுரம் அலுவலர் போய் மாதிரி எடுத்தார். இந்த முறை கோலமும் இல்லை, பட்டுப்புடவையும் இல்லையாம். சரியாக இருந்தது என்று அறிக்கை.

ஜனவரி 9, வெள்ளி

திருப்பூரில் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை. நீளமான வராந்தா. ஒரு கோடியில் அக்காவும் அண்ணனும். மறுகோடியில் குழந்தைவேல், தனியாக, தாடியோடு. வெண்ணெய்க் கிடங்கு பூட்டிய பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் கோப்போடு நான்.

உள்ளே குழந்தைவேல் எதையும் மறுக்கவில்லை. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "வேண்டாங்க, பண்ணுனது நாந்தான்" என்றார். அவருக்குப் பெரிய அபராதம். அக்காவுக்குச் சிறியது. வாக்குமூலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்தது.

வெளியே வந்ததும் குழந்தைவேல் யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். அக்கா அவரைப் போகவிட்டார். நாலு படி இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"கொழந்தே!"

அவர் நின்றார். திரும்பவில்லை.

"பொங்கலுக்கு ஊட்டுக்கு வா."

இப்போது திரும்பினார். அவ்வளவு பெரிய ஆள், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுக்கா?"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டு வா. கையில மட்டும் ஒண்ணும் கொண்டாராத. வெண்ணெயும் வேண்டாம், சீரும் வேண்டாம்."

"வெறுங்கையோட எப்படிக்கா வர்றது? ஒரு சீப்பு வாழப்பழமாச்சும்…"

அக்கா யோசித்தார். பிறகு திரும்பி, அலுவலகம், அதிகாரி, வக்கீல் என்று ஒன்றும் பாராமல் என்னைக் கேட்டார்:

"ஏன் அம்மிணி, கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெக்காத பழத்த எப்படிக் கண்டுபுடிக்கறது? இவனுக்கு வெவரமாச் சொல்லிக் குடு. இவன நம்பி வாங்கிட்டு வரச் சொல்ல முடியாது."

நான் படியிறங்கிப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.